சர்க்கரையும் விழித்திரையும்: மலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கண் பரிசோதனை முகாம்களில் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. சர்க்கரையால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு, விழித்திரை ரத்தக் குழாயில் வரும் அடைப்பு இரண்டையும் பற்றியவை. பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் சமவெளியில் இருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குன்னூரிலோ கூடலூரிலோ இருப்பவருக்குச் சில இடங்களில் பதில் மாறும், ஓரிடத்தில் தலைகீழாகவே மாறும். அங்கெல்லாம் கொஞ்சம் நின்று எழுதியிருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு எந்த வைத்தியம் என்பதை உங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கண் நன்றாகத்தானே தெரிகிறது, எதற்குப் பரிசோதனை?

நன்றாகத் தெரியும்போது பார்ப்பதற்குத்தான் பரிசோதனை. விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது. ரத்தக் குழாய் வீங்கி, கசிந்து, அடைபட்டு, பக்கத்தில் புதுக் குழாய் முளைக்கும்வரைகூட எதிரே இருக்கும் பேருந்துப் பலகையைத் தெளிவாகப் படிக்க முடியும். பார்வையின் நடுப்பகுதியைக் கவனிக்கும் மாகுலா என்ற சின்ன இடத்தில் நீர் கோத்தாலோ, கண்ணுக்குள் ரத்தம் கசிந்தாலோதான் தெரியவரும். அப்போதும் வைத்தியம் உண்டு. ஆனால் செலவும் அலைச்சலும் கூடும், திரும்பக் கிடைக்கும் பார்வை குறையும்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால், நோய் தெரிந்த உடனேயே ஒரு முறை. தெரியாமலே சில வருடங்கள் உடம்பில் இருந்திருக்கும் என்பதுதான் காரணம். சிறு வயதில் வந்து முதலிலிருந்தே இன்சுலின் போடும் முதல் வகை என்றால், நோய் தெரிந்து ஐந்து வருடத்துக்குள். அப்புறம் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை. பாதிப்பு தெரிய ஆரம்பித்தால் ஆறு மாதமோ மூன்று மாதமோ மருத்துவர் சொல்வார்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்த்துவிட வேண்டும், கர்ப்ப காலத்தில் பாதிப்பு வேகமெடுக்கலாம். கருவுற்ற பின் புதிதாக வந்த சர்க்கரைக்கு இந்த அவசரம் இல்லை.

பரிசோதனையில் என்ன செய்வார்கள்? பைக்கில் போய் வரலாமா?

கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரிய வைத்து உள்ளே பார்ப்பார்கள், அல்லது கேமராவில் படம் எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஓசிடி என்ற ஸ்கேன் எடுப்பார்கள். விழித்திரையின் குறுக்குவெட்டை அது காட்டும், ஊசியும் கிடையாது வலியும் கிடையாது. சிலருக்குக் கையில் மஞ்சள் சாயம் ஏற்றிக் குழாய்களைப் படம் பிடிப்பார்கள். அன்றும் மறுநாளும் தோல் லேசாக மஞ்சளாகவும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும். மஞ்சள் காமாலை என்று பயந்து யாரும் கீழாநெல்லி தேட வேண்டாம்.

சொட்டு விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டக் கூடாது. மாலையில் பனிமூட்டமும் எதிர்வண்டி விளக்கும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பேருந்தில் போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையைக் குறைத்துவிட்டால் கண் தானாகச் சரியாகிவிடுமா?

ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலும் அங்கேயே நிறுத்தலாம், சிலருக்கு ஒரு படி பின்வாங்கவும் செய்யும். 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதல் வகை நோயாளிகள் சர்க்கரையைக் கறாராக வைத்தபோது புதிதாக விழித்திரைப் பாதிப்பு வருவது சுமார் நான்கில் மூன்று பங்கு குறைந்தது. ரத்த அழுத்தத்தை மறந்துவிடுகிறோம். 1998இல் வந்த பிரிட்டன் ஆய்வில் பிரஷரை இறுக்கிப் பிடித்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எனவே சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, “பிரஷர் மாத்திரை போட்டால் பழகிவிடும்” என்று நிறுத்துகிறவர் பாதி வைத்தியத்தைத்தான் செய்கிறார்.

ஒரு விஷயத்தை எச்சரித்தாக வேண்டும். பல வருடம் 11, 12 என்று இருந்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, இன்சுலினாலோ செமாகுளுடைடு போன்ற புதிய ஊசியாலோ கிடுகிடுவென்று இறங்கினால், முதல் சில மாதங்களில் விழித்திரை சற்று மோசமாகலாம். இதற்குப் பயந்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது, நீண்ட நாள் லாபம் அதில்தான் இருக்கிறது. மருந்தைத் தொடங்குமுன் கண்ணைக் காட்டிவிட்டு, ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் மூன்று மாதத்தில் இன்னொரு முறை காட்டிவிடுங்கள்.

மாத்திரைகளில் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது. பயோகிளிட்டசோன் உடம்பில் நீரைத் தேக்கும், மாகுலாவில் நீர் கோத்திருப்பவர் அதைச் சாப்பிடுகிறார் என்றால் கண் மருத்துவரிடமும் சர்க்கரை மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். மாறாக, கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட் விழித்திரைப் பாதிப்பு முற்றுவதை மெதுவாக்குகிறது. 2024இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்விலும் சுமார் 27 சதவீதக் குறைவு தெரிந்தது. சிறுநீரக நிலையைப் பார்த்துத்தான் தருவார்கள், நீங்களாக மருந்துக் கடையில் வாங்கக் கூடாது.

ஹெச்பிஏ1சி 6 தான் வந்தது, ஆனால் கண் பாதித்திருக்கிறது என்கிறார்களே?

இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு. இந்தியாவில் அரிவாள் செல் ரத்தசோகைக்கான மரபுக்கூறு முதன்முதலாகப் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் இன்றும் அது இருக்கிறது. அந்த நோய் உள்ளவரின் சிவப்பணு சீக்கிரம் அழிந்துவிடும். சர்க்கரை அதில் ஒட்ட நேரம் போதாது, அதனால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எதிர்ப்பக்கம், சற்றுக் கூட்டிக் காட்டலாம்.

எனவே வீட்டில் யாருக்காவது அரிவாள் செல் இருந்தால் சர்க்கரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கும் சர்க்கரை அளவையோ ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையோ வைத்து முடிவு செய்வார்கள். சர்க்கரையே இல்லாவிட்டாலும் அரிவாள் செல் தனியாக விழித்திரையின் ஓரங்களில் குழாய்களை அடைத்துப் புதுக் குழாய்களை முளைக்க வைக்கும். இவர்கள் பத்து வயதிலிருந்தே விழித்திரையைக் காட்டத் தொடங்கலாம், அறுபது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குள்ளேயே ஊசியா?

ஆமாம். கேட்கும்போது வருகிற நடுக்கம் போட்டுக்கொண்ட பிறகு இருக்காது. மரத்துப்போகும் சொட்டு விட்டு, அயோடின் மருந்தால் கழுவி, கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மிக மெல்லிய ஊசி போடுவார்கள். சில நொடி வேலை. அயோடின் எரிச்சல்தான் அன்று மாலைவரை உறுத்தும்.

கசிகிற குழாய்களுக்கும் புதுக் குழாய்களுக்கும் தூண்டுதலாக இருக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை இந்த மருந்து மடக்குகிறது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், ஃபேரிசிமாப் என்று வகைகள் உண்டு. பெவாசிசுமாப் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்து, கண்ணுக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது, விலை மிகக் குறைவு. ரானிபிசுமாபுக்கு 2015 முதல் இந்தியத் தயாரிப்பும் இருக்கிறது. 2015இல் வந்த ஒப்பீட்டு ஆய்வு சொன்னது இது: மாகுலா வீக்கத்தால் பார்வை லேசாகக் குறைந்தவர்களுக்கு இவற்றில் முதல் மூன்று மருந்தில் எதைப் போட்டாலும் ஏறக்குறைய ஒரே பலன், நன்றாகக் குறைந்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்ளிபெர்செப்ட் முந்தியது. விலை உயர்ந்த ஊசி எழுதவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஒரு ஊசியோடு முடியாது. மாகுலா வீக்கத்துக்கு முதல் வருடம் எட்டு முதல் பத்து ஊசி வரை ஆகலாம், அடுத்த வருடங்களில் குறையும். ஊசி போதவில்லை என்றாலோ, அடிக்கடி வர முடியாது என்றாலோ, சில மாதம் கண்ணுக்குள் இருந்து மெதுவாகக் கரையும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு குச்சியை வைப்பது உண்டு. கண் அழுத்தமும் புரையும் கூடலாம் என்பது அதன் விலை.

சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தம் நீர்த்திருக்கத் தரும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளை இந்த ஊசிக்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்பிரினால் விழித்திரையில் ரத்தம் கசியும் என்பதும் தவறான பயம், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு அதை எப்போதோ தீர்த்துவிட்டது.

ஊசிக்குப் பின் கண்ணுக்குள் கிருமி போவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் வந்தால் பார்வையை எடுத்துவிடும். ஒரு வாரத்துக்குள் வலி கூடிக்கொண்டே போய், கண் சிவந்து, பார்வை மங்கினால் “நாளைக் காலை பார்க்கலாம்” கிடையாது. அன்றே மலை இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசிக்கு முன்பே மருத்துவமனையின் இரவுநேரத் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லேசர் பழைய வைத்தியம், ஊசிதான் புதுசு என்கிறார்களே?

பழையதுதான். 1970களில் நடந்த ஆய்வே அது கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டிவிட்டது. புதுக் குழாய் முளைத்த முற்றிய நிலையில் விழித்திரையின் ஓரங்களில் நூற்றுக்கணக்கான லேசர் புள்ளிகள் வைப்பார்கள். இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் சற்றுக் குறையலாம். ஆனால் ஒன்றிரண்டு முறை போய் முடித்துவிட்டால் அதன் பலன் நிற்கும்.

2015இல் வந்த ஆய்வில், அதே நிலைக்கு ஊசியும் லேசருக்குக் குறைவில்லாத பலன் தந்தது. அதிலிருந்துதான் “ஊசியே போதும்” என்ற பேச்சு. ஆனால் ஆய்வில் இருந்தவர்களை விடாமல் வரவழைத்தார்கள். நிஜத்தில் பாதியில் நின்றுபோனவர்கள் என்ன ஆனார்கள் என்று 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வு பார்த்தது. ஆறு மாதத்துக்கு மேல் வராமல் விட்டவர்களில், ஊசி மட்டும் போட்டவர்கள் லேசர் செய்தவர்களைவிட மோசமாக இருந்தார்கள். மருந்தின் வேகம் தீர்ந்ததும் புதுக் குழாய் மறுபடி கிளம்பி விழித்திரையை இழுத்துவிடுகிறது.

இப்போது நம் மலையைப் பாருங்கள். ஜூலையில் கூடலூர் சாலையில் மரம் விழும், அக்டோபர், நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மண் சரியும். தேயிலை நிறைய வரும் மாதத்தில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இறங்க மனம் வராது. இப்படிப்பட்டவருக்கு முற்றிய நிலையில் லேசரை ஒத்திப்போடுவது சரியல்ல என்பது என் எண்ணம். மாகுலா வீக்கமும் சேர்ந்து இருந்தால் ஊசியும் வேண்டும், அது வேறு. ஆனால் மருத்துவரிடம் “மாதாமாதம் என்னால் வர முடியாது” என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராமல் இருப்பதுதான் கண்ணைக் கெடுக்கிறது. வர முடியாது என்று தெரிந்தால் மருத்துவர் வைத்தியத்தை அதற்கேற்ப மாற்றுவார்.

கண்ணில் கேஸ் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். எப்போது ஊட்டிக்கு வரலாம்?

கேஸ் முழுவதும் கரையும்வரை வரக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கண்ணுக்குள் தேங்கிய ரத்தத்தையும் விழித்திரையை இழுக்கும் சவ்வையும் எடுக்க விட்ரெக்டமி என்ற அறுவை செய்வார்கள். கழன்ற விழித்திரை ஒட்டிக்கொள்ள முடிவில் சிலருக்கு வாயுவை நிரப்புவார்கள். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் அங்கிருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஏறும்போது கண்ணுக்குள் அடைபட்ட வாயு ஏறக்குறைய கால் பங்கு விரியப் பார்க்கும். மலைப்பாதையில் மேலே வர வர சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். ஆனால் கண் பாக்கெட்டைப் போல விரிந்து கொடுக்காது. உள்ளழுத்தம் ஏறி, விழித்திரைக்கு ரத்தம் தரும் தமனியையே நெரித்துவிடும். பிழைக்க வைத்த கண் இரண்டு மணி நேரப் பயணத்தில் போய்விடலாம்.

இதில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. அழுத்தம் ஏறும்போது கண் வலி, தலைவலி, குமட்டல், வாந்தி வரும். கல்லாறு தாண்டி வளைவு ஏறும்போது வாந்தி வந்தால் நாம் எலுமிச்சம்பழத்தைத் தேடுவோமே தவிர, கண்ணை நினைக்க மாட்டோம். கேஸ் உள்ள கண்ணில் வலியோ இருட்டோ வந்தால் வண்டியை அங்கேயே திருப்பிக் கீழே இறங்குங்கள்.

எத்தனை நாள் என்பது வாயுவைப் பொறுத்தது. வெறும் காற்று என்றால் சுமார் ஒரு வாரம், எஸ்எஃப்6 என்றால் இரண்டு வாரம் அளவில், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம். நாளை எண்ணிக் கிளம்பாமல் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகே ஏறுங்கள். வாயுவுக்குப் பதில் சிலிகான் எண்ணெய் நிரப்பினால் இந்தக் கவலை இல்லை, சில மாதம் கழித்து அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். மலைக்காரர்களுக்கு எண்ணெயைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணமாகலாம்.

கூடலூர்க்காரர்கள் “எங்கள் ஊர் அவ்வளவு உயரம் இல்லையே” என்பார்கள். உண்மைதான், 1,100 மீட்டர் அளவுதான். ஆனால் கோயம்புத்தூர் பேருந்து ஊட்டியைத் தாண்டித்தானே கூடலூர் வருகிறது? நிலம்பூர் வழியாகச் சுற்றினாலும் கடைசியில் மலை ஏறித்தான் ஆக வேண்டும்.

கோப்பில் கோயம்புத்தூரில் இருக்கும் உறவினர் முகவரி எழுதியிருந்தால் மருத்துவருக்கு நீங்கள் மலைக்காரர் என்று தெரியாமல் போகும். அறுவைக்கு முன்பே சொல்லுங்கள், கீழே தங்க இடம் ஏற்பாடு செய்யுங்கள். கேஸ் இருக்கும்போது வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் அங்கேயும் சொல்ல வேண்டும், நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தால் இதே ஆபத்துதான்.

சர்க்கரை இல்லை, வலி இல்லை. காலையில் எழுந்தால் ஒரு கண்ணில் பாதி மங்கல். என்ன இது?

விழித்திரைச் சிரை அடைப்பாக இருக்கலாம். சர்க்கரைக்கு அடுத்து விழித்திரைக் குழாய்களில் அதிகம் வரும் கோளாறு இது. முக்கியக் காரணம் ரத்த அழுத்தம். தடித்த தமனி சிரையைக் குறுக்காகக் கடக்கும் இடத்தில் அழுத்தி, அங்கே ரத்தம் உறைந்துவிடும். கிளைச் சிரை என்றால் பாதிப் பார்வை, மையச் சிரை என்றால் முழுப் பார்வையும் மங்கும். மாகுலா வீங்கினால் இதற்கும் அதே ஊசிகள்தான்.

மையச் சிரை அடைப்பில் முதல் சில மாதங்கள் கவனம் தேவை. ரத்தம் கிடைக்காத விழித்திரை கண்ணின் முன்பக்கத்தில் புதுக் குழாயை முளைக்கவிட்டு, குளுக்கோமா என்ற கண் அழுத்த நோயை வலியோடு கடுமையாகக் கொண்டுவரலாம். பார்வைதான் போய்விட்டதே, இனி எதற்குப் போக வேண்டும் என்று விட்டவர்களுக்குத்தான் இது வருகிறது.

சில நொடியில் ஒரு கண் முழுசாக இருண்டுவிட்டால்?

தமனி அடைப்பு, அதாவது கண்ணில் வந்த பக்கவாதம். விழித்திரை தாங்குவது சில மணி நேரம்தான். கண்ணாடிக் கடைக்கோ கண் முகாமுக்கோ போக வேண்டாம், 108ஐ அழைத்துப் பக்கவாதம் பார்க்கும் மருத்துவமனைக்குப் போங்கள். கண் திரும்பாவிட்டாலும், அடுத்த சில நாளில் மூளையில் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதயம், கழுத்துத் தமனி எல்லாம் பார்த்தாக வேண்டும். சில நிமிடம் இருண்டு தானாகத் தெளிந்தாலும் இதே அவசரம்தான். ஐம்பதைத் தாண்டியவருக்குத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பையனுக்கு வயது 25, சர்க்கரை இல்லை, கண்ணுக்குள் ரத்தம் என்கிறார்கள்?

ஈல்ஸ் நோய் என்று ஒன்று உண்டு. இளைஞர்களுக்கு வரும், நம் நாட்டில் அதிகம். காசநோய்க் கிருமியோடு தொடர்பு இருப்பதால் நெஞ்சு எக்ஸ்ரே, தோல் பரிசோதனை கேட்பார்கள். அரிவாள் செல்லையும் பார்க்கச் சொல்லலாம். லேசரும் ஸ்டீராய்டும் நன்றாகக் கேட்கும் நோய் இது.

குளிராலும் உயரத்தாலும்தான் இது வருகிறதா?

இல்லை. உயரத்தால் விழித்திரையில் ரத்தம் கசிவது இமயமலை ஏறுகிறவர்களின் பிரச்சினை, தொட்டபெட்டா அதற்குப் போதாது.

கண்ணாடி மாற்றினால் போதாதா?

சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடிப் பவரும் மாறும். அதனால் புதுக் கண்ணாடி ஒரு மாதத்தில் ஒத்துவராமல் போகும். முதலில் விழித்திரையைக் காட்டுங்கள், கண்ணாடி அப்புறம்.

செலவுக்கு என்ன செய்வது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போய், பதிவு செய்யும்போதே காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வருகிற பணியாளரிடமே கண் பரிசோதனை பற்றியும் கேளுங்கள்.

கீழே போகும் நாளில் எதை எடுத்துப் போக வேண்டும், சாப்பிடலாமா?

பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும். சிறுநீரகப் பரிசோதனை, ரத்த அளவு முடிவுகள் இருந்தால் அவையும். சிறுநீரகக் கோளாறும் ரத்தசோகையும் மாகுலா வீக்கத்தைக் கூட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வளைவில் வாந்தி வரும் என்று வெறும் வயிற்றோடு முதல் பேருந்து ஏறுவார்கள், ஆனால் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் வருவதற்குள் வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் தவிர, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு மருந்தைப் போடுங்கள். சாப்பிடவே முடியாது என்றால் மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே இறங்கிச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாமா என்று முந்தைய நாளே உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.